வியாழக்கிழமை வயிற்றுவலி

அருவி தானாக விழுகிறது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஆபீஸைப் பார்க்காதவர்கள். ‘குற்றாலம் நீர்வீழ்ச்சிப் பருவகால முன்னேற்பாடு மற்றும் பின்னேற்பாட்டுத் தனி அலுவலகம்’ என்று பெயர். பெயர்ப்பலகை எங்கள் கட்டடத்தைவிட நீளம். கடைசி இரண்டு சொல்லும் பக்கத்து உரக்கடைச் சுவரில்தான் இருந்தன. குற்றாலத்தில் வைத்தால் சாரலில் கோப்புகள் நனைந்துவிடும் என்று தென்காசியில் வைத்திருந்தார்கள். சீசன் மூன்று மாதமும், தண்ணீர் விழுகிறது என்று மேலிடத்துக்கு எழுதுவோம். மற்ற ஒன்பது மாதம், விழவில்லை என்று எழுதுவோம். இந்த வேலைக்குப் பதினோரு பேர். அதில் நான் தபால் கிளார்க். பெயர் நாறும்பூநாதன். எனக்கே சிரிப்பு வரும்படியான வேலையைச் சிரிக்காமல் பார்த்ததற்காக இரண்டு தடவை பாராட்டு வாங்கியவன்.

முத்துவடிவு 1960 நவம்பரில் டைப்பிஸ்டாக வந்தாள். இலஞ்சிப் பெண், இருபத்தொரு வயது. அந்தக் கட்டடத்துக்குள் உத்தியோகம் என்று வந்த முதல் பொம்பளையாள் அவள்தான். வேலை தற்காலிகம். 1961 ஜூன் முப்பதாம் தேதிக்குள் உடல் தகுதிச் சான்று கோப்பில் ஏறிவிட்டால் நிரந்தரம். ஏறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் குத்துக்கல்வலசை மாமன் மகன் மாப்பிள்ளையாகக் காத்திருந்தான்.

“அவருக்கு என்னம்மா குறை?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“குறை ஒண்ணுமில்ல அண்ணாச்சி. டைப் அடிக்கிற சத்தம் கேட்டா தலை வலிக்குன்னு சொல்லுதாவ. மெஷினை இன்னும் கண்ணால பாக்கல. அதுக்குள்ள வலிக்கி.”

அவளுக்கு அந்த மெஷின் வேண்டும் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு என் மேஜைப் பக்கம் வந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னத்த எழுத?”

“என்ன செய்யுது?”

“மாசா மாசம் வாறதுதான். மொத நாள் மட்டும் நிமிர முடியாது. ஒரு நாள் படுத்துட்டா சரியாப் போவும்.”

எனக்கு உடன்பிறந்தவர்கள் நாலு பெண்கள். கல்யாணமாகி எட்டு வருஷம். புரியாமல் இல்லை. ஆனால் சுற்றிலும் ஒன்பது ஆண்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காதால் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் லீவு லெட்டர் இங்கிலீஷில் எழுதுவோம். ‘இன்டிஸ்போஸ்ட்’ என்று அதில் ஒரு சொல் உண்டு. ஜலதோஷம், மாமியார் வருகை, மூலம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தமிழ் ஆட்சிமொழி ஆனபின் உள்ளதைத் தமிழில் எழுத வேண்டும் என்று உத்தரவு. உள்ளதைத் தமிழில் எழுதுகிற தைரியம் எங்கள் யாருக்கும் ஆட்சியோடு வந்து சேரவில்லை.

“வயிற்றுவலின்னு எழுதிரும்மா” என்றேன்.

“வயிறு மட்டும் இல்ல அண்ணாச்சி. இடுப்பு, தொடை எல்லாம்...”

“வயிறு போதும்.”

அவள் எழுதினாள். நான் பெரிய உபகாரம் செய்த மனிதன் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். நடந்தது பூராவுக்கும் முதல் காரணம் இந்த உபகாரம்தான்.

எங்கள் சூப்ரண்டு சிவசுப்பிரமணியன் நெற்றி நிறைய விபூதியும் மடி நிறைய ஒழுங்கும் உள்ளவர். யார் எந்தக் காரணத்துக்கு லீவு எடுத்தார்கள் என்பதற்கு, யாரும் கேட்காமலே தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். மார்ச் ஒன்பதாம் தேதி முத்துவடிவின் நாலாவது வயிற்றுவலி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“வே நாறும்பூ, இங்கன வாரும். இந்தப் புள்ளைக்கு வயித்துவலி என்னைக்கெல்லாம் வந்திருக்கு, வாசியும்.”

வாசித்தேன். டிசம்பர் பதினைந்து. ஜனவரி பன்னிரண்டு. பிப்ரவரி ஒன்பது. மார்ச் ஒன்பது.

“நாலும் வியாழக்கிழமை. நாலும் சொல்லி வச்சாப்பல இருபத்தெட்டாம் நாள். உமக்கு இதுல ஒண்ணும் தோணலையா?”

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு மூன்று பெண்மக்கள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

“தோணுது சார்.”

“என்ன தோணுது?”

என் காது சூடாகிவிட்டது. “ஒண்ணும் தோணல சார்” என்றேன்.

“எனக்குத் தோணுது. வியாழக்கிழமை நம்ம வாசல்ல ஆமவடை விக்க ஒருத்தன் வாரான்லா?”

வடைக்காரர் எல்லா வியாழக்கிழமையும் வருகிறவர், வலி நாலு வியாழனுக்கு ஒரு தடவைதான் வருகிறது என்று எடுத்துச் சொன்னேன்.

“எண்ணெய்யை நாலு வாரத்துக்கு ஒருக்கத்தான் மாத்துதான் போல” என்றார் சூப்ரண்டு.

வடைக்காரர் அன்றே தடை செய்யப்பட்டார். எனக்கு அந்த வடையின் மேல் ஒரு பிரியம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விஷயம் வடையோடு நிற்கவில்லை. சீசன் ஆபீஸில் வயிற்றுவலி என்று நாலு தடவை பதிவானால், சீசனுக்கு வரும் ஜனங்களுக்கு வாந்திபேதி பரவும் அபாயம் இருக்கிறதாம். சுகாதார இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் தோல்பையோடு வந்து சேர்ந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பானையை மோந்து பார்த்தார். முத்துவடிவை மட்டும் பார்க்காமல், அவளுடைய நாற்காலியைச் சுற்றி வந்து, ஒரு தாளில் ‘சந்தேகத்துக்குரிய வாந்திபேதி’ என்று எழுதினார்.

“சார், எனக்கு வாந்தியும் இல்ல, பேதியும் இல்ல” என்றாள் முத்துவடிவு.

“அதனாலதாம்மா சந்தேகத்துக்குரியதுன்னு போட்டிருக்கேன். இருந்துட்டா அப்புறம் சந்தேகம் எங்கன இருக்கு?”

பதினோரு பேருக்கும் காலரா ஊசி போடப்பட்டது. கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டினதில் ஒரு மாதம் காப்பியில் சலவைக்கடை வாசம் வந்தது. எனக்குத் தோள் இட்லிப்பானை மாதிரி வீங்கிவிட்டது. ஒரு வாரம் ஆபீஸ் முழுவதும் ஒற்றைக் கையால் வேலை பார்த்தது. வேலையின் அளவில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, வலி வந்தது.

‘மேற்படி நோய் ஊசிக்குக் கட்டுப்பட மறுத்துவிட்டது’ என்று பால்வண்ணநாதன் அறிக்கை கொடுத்தார். கொடுத்துவிட்டு அவளிடம், “ஊசி போட்டப்ப கையைக் கிய்ய ஆட்டினியாம்மா?” என்று வருத்தத்தோடு கேட்டார்.

இனி லீவு வேண்டுமானால் டாக்டர் சான்று வேண்டும் என்று உத்தரவானது. அதற்கென்று சூப்ரண்டே கைப்பட ஒரு படிவம் தயாரித்தார். கடைசி வரி இது: ‘மேற்படி வலி இனி மறுபடி வராது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ டாக்டர் கையெழுத்து. முத்திரை. இந்தப் படிவமே நிரந்தரம் ஆவதற்கான உடல் தகுதிச் சான்றுக்கும் செல்லும் என்று கீழே ஒரு குறிப்பு. காகிதத்தை மிச்சப்படுத்துகிறாராம்.

மே நாலு, வியாழக்கிழமை. முத்துவடிவு படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்ன நடந்தது என்று மறுநாள் அவளே சொன்னாள். ஒன்பது மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தவள் பதினோரு மணிக்கு பெஞ்சிலேயே சுருண்டுவிட்டாள். டாக்டர் முன்னால் போய் நின்றபோது அவர் படிவத்தைத்தான் பரிசோதித்தார். “வராதுன்னு நான் எப்படிம்மா எழுத? நாளைக்கு வந்துட்டா என்னையில்லா கேப்பான்?” என்று சொல்லி விளக்கெண்ணெய் மிக்சருக்குச் சீட்டு எழுதினார். வெளியே வந்தவளை நர்ஸ் ஜாஹிரா பீவிதான் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒரு மாத்திரை கொடுத்து, வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்து, அரைமணி நேரம் படுக்கப் போட்டார்.

“ஏட்டி, இதுக்கா ஒனக்கு காலரா ஊசி போட்டானுவ?”

“எனக்கு மட்டும் இல்லக்கா. பதினோரு பேருக்கும்.”

“அந்தப் பத்துப் பேருக்கும் போட்டது சரிதான்.”

படிவத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டு ஜாஹிரா பீவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டில் ஒரு குழந்தை முழித்து அழுததாம். “மறுபடி வராதுன்னு எழுதணும்னா அம்பது வயசுக்கு மேல வாட்டி, எழுதித் தாரேன். இல்லையா, கல்யாணம் பண்ணி முழுகாம வா. பத்து மாசத்துக்கு மட்டும் எழுதித் தாரேன்.”

நர்ஸ் கையெழுத்துப் போட்ட சீட்டை முத்துவடிவு கொண்டுவந்தாள். நர்ஸ் கையெழுத்து செல்லாது என்று சூப்ரண்டு திருப்பிக் கொடுத்தார். வலி குறைந்ததே சார், என்றாள். வலி குறைந்ததும் செல்லாது என்றார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி பேராச்சி சிரிக்கவில்லை.

“நீங்க மொத நாளே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு இம்புட்டும் வந்திருக்குமா?”

“அதை எப்படிப் போய் ஆபீஸ்ல சொல்ல?”

“எனக்கு வந்தா உளுந்தங்களி கிண்டித் தாரியள்லா? கையி தன்னால போவுதுலா, அப்படி வாயும் போவணும்.”

ஜூன் முதல் தேதி காலையில் ஒரு தூக்குச்சட்டியில் நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி வைத்து, “இன்னைக்குத்தானே அவளுக்கு? கொண்டு குடுங்க” என்று என் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டில் இருந்தபடி பேராச்சி கணக்காகச் சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஏழாவது மாதமாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு விசாரணை. எங்கள் தனி அலுவலர் கணபதிசுப்பிரமணியன் தலைமை. அவர் தனியாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார். விசாரணையைக் குறிப்பெடுத்து டைப் அடிக்க ஆள் வேண்டும். ஆபீஸில் டைப்பிஸ்ட் ஒருத்திதான். ஆகவே முத்துவடிவைப் பற்றிய விசாரணையை முத்துவடிவே ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மூன்று பிரதிகள் அடித்தாள்.

“நான் வலியை எதிர்ப்பவன் அல்லன்” என்று தனி அலுவலர் ஆரம்பித்தார். “வலி ஒரு ஒழுங்குக்குள் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். எனக்கும் வயிற்றுவலி வந்ததுண்டு. ஐம்பத்தேழாம் வருஷம். பன்னிரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். ஆனால், அதற்குப் பிறகு நான் அதை வரவிடவில்லை. இதுதான் கடமை உணர்ச்சி.”

ஒன்பது பேரும் தலையை ஆட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன்.

“சர்க்கார் மாதத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை இலவசமாக வழங்குகிறது. அவற்றில் ஒன்றை இவர் பயன்படுத்தியிருக்கலாம். எதற்காக வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்?”

“நான் தேர்ந்தெடுக்கல சார்” என்றாள் முத்துவடிவு, அடிப்பதை நிறுத்தாமல்.

“அப்படியானால் யார் தேர்ந்தெடுத்தது?”

எல்லோரும் விட்டத்தைப் பார்த்தோம்.

“குற்றம் சாட்டப்பட்டவர் மௌனம் சாதித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் தனி அலுவலர். அவள் குறித்துக்கொண்டாள்.

“இன்னொன்று. சென்ற மாதம் இவர் விடுப்பு எடுத்த மறுநாள் சிரித்ததாக எனக்குத் தகவல். உண்மையான வலி வந்தவர் மறுநாள் சிரிப்பாரா?” அதையும் மூன்று பிரதிகள் அடித்தாள்.

முடிவில், எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் மீறி வலி திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று, அடுத்த முறை வரும்போது எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மத்தியானம் வரை தூக்குச்சட்டி அவள் மேஜையில் திறக்கப்படாமல் இருந்தது. பிறகு முத்துவடிவு சாப்பிட்டுவிட்டு வந்து, “களி யாரு கிண்டினா அண்ணாச்சி? மதினியா?” என்று கேட்டாள். பத்து நாளுக்கு ஒரு முறைகூடப் பேசாத என் மனசாட்சி அன்று தொடர்ச்சியாகப் பேசியது.

ஜூன் இருபத்தொன்பது, வியாழக்கிழமை. வெளியே சாரல் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. முத்துவடிவு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து ஒரு அரைத்தாளை நீட்டினாள். விளக்கம். நாலே வரி.

‘எனக்கு மாதவிடாய். முதல் நாள் நிமிர்ந்து உட்கார முடியாத வலி வரும். ஒரு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும். அதற்குத்தான் ஒரு நாள் கேட்கிறேன்.’

அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை.

எங்கள் ஆபீஸுக்குள் வருகிற எந்தக் காகிதமும் தபால் ரிஜிஸ்டரில் ஏறி எண் வாங்கினால்தான் காகிதம், அதுவரை குப்பை. வெளியே போகிற மெமோவுக்கும் அதே ரிஜிஸ்டரில்தான் எண். சிவப்புத் துணி அட்டை போட்ட அந்த ரிஜிஸ்டரில் ‘பொருள்’ என்று ஒரு கட்டம் உண்டு. நான் பேனாவை மையில் முக்கினேன். கை ‘வ’ போடத்தான் போனது, பழக்கம். பிறகு பேராச்சி களி கிண்டுகிற என் கையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. ‘மாதவிடாய் வலி – ஒரு நாள் விடுப்பு – விளக்கம்’ என்று எழுதினேன். எண் 412. என் வாழ்க்கையில் நான் செய்த வீரச்செயல் இது ஒன்றுதான். அதையும் உட்கார்ந்துகொண்டேதான் செய்தேன்.

சூப்ரண்டு தினமும் காலையில் ரிஜிஸ்டரைக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் திறப்பார். சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அட்டையில் இன்னும் இருந்தது. ஒற்றினார். திறந்தார். வாசித்தார். கொதிக்கிற சட்டியைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்தார்.

“என்ன வே இது?”

“பொருள் சார்.”

“இதை அடியும்.”

“ரிஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு நீங்கதான் சார் சுற்றறிக்கை விட்டீய.”

“அப்போ தாளைக் கிழியும்.”

“பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சிருக்கு சார்.”

அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடியே எழுந்து நின்றார். “பூசையில வச்ச புஸ்தகம் வே. இதுல இந்த வார்த்தை ஏறிட்டுன்னா இதை உள்ள வைக்கக் கூடாது. எங்க வீட்டுல மூணு நாள் வெளியதான். ரிஜிஸ்டரானா என்ன, முறைன்னா முறைதான். பிச்சையா, இதை எடுத்து வராந்தாவுல வை.”

பியூன் பிச்சையா யோசித்தான். பிறகு குடையை எடுத்து, அதன் நுனியால் ரிஜிஸ்டரை மேஜையிலிருந்து தள்ளி, தரையோடு தரையாக நகர்த்திக்கொண்டே போய் வராந்தாவின் மூலையில், சாரல் படாத இடத்தில் விட்டான். தனி அலுவலருக்குத் தகவல் போனது. ‘கோட்பாட்டளவில் உடன்படுகிறேன்’ என்று சொல்லியனுப்பினார். மூன்று நாள் வெளியே. திங்கட்கிழமை மாவிலைத் தண்ணீர் தெளித்து உள்ளே அழைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆறு மாதமாக ஒரு நாள் லீவுக்கு முடிவெடுக்காதவர்கள் இதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

முத்துவடிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். பிச்சையா மத்தியானம் தலைசாய்க்கிற ஓலைப்பாய் கதவுக்குப் பின்னால் நின்றது. அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் விரித்து, காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிட்டது. சூப்ரண்டு நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார்.

“ஏம்மா, எந்திரி. லீவு சாங்ஷன் ஆகாம படுக்கக் கூடாது.”

“நான் லீவு எடுக்கல சார். கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆபீஸ்லதான் இருக்கேன்.”

“ஆபீஸ்ல படுக்கலாமா?”

“இது ஆபீஸ்னா ரிஜிஸ்டரை உள்ள எடுத்துக்கிடுங்க சார்.”

சூப்ரண்டு தனி அலுவலரிடம் ஓடினார். உடனடியாக எழுந்திருக்கும்படி மெமோ கொடுக்கச் சொன்னார் தனி அலுவலர். டைப் அடிக்க ஆள் படுத்திருந்ததால் நான் கையால் எழுதினேன்.

“நம்பர் போடும்” என்றார் சூப்ரண்டு.

“நம்பர் ரிஜிஸ்டர்லலா சார் இருக்கு.”

“பிச்சையா, போய் எடுத்துட்டு வா.”

“அய்யா, நான் குடையாலதான் தள்ளினேன். கையால எடுத்தா வீட்டுக்குப் போயி தலை முழுகணும். லீவு தாரியளா?”

எண் இல்லாத மெமோ செல்லாது. எண் அவள் தலைமாட்டில் இருந்தது. அந்த மெமோ சாயங்காலம் வரை என் கையிலேயே இருந்தது. நடுவில் இரண்டு தடவை விசிறிக்கொள்ளப் பயன்பட்டது. முத்துவடிவு தூங்கிவிட்டாள். பஸ் இரைச்சலும் உரக்கடைக்காரன் இருமல் சத்தமும் அவளை எழுப்பவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் புறப்பட்டோம். சூப்ரண்டு குடையை விரிக்கிற சாக்கில் என் பக்கமாக வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்லப் பேசினார்.

“வே, அந்தப் புள்ளைட்டச் சொல்லும். சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேத்து, கால்வாசியா வத்த வச்சுக் குடிக்கணும். ஆறவிடப்படாது. மொத நாள்தான் ஜாஸ்தி இருக்கும். நாளைக்கு வலி கேட்டுரும். எங்க வீட்டுல முப்பது வருசமா நாந்தான் வச்சுக் குடுக்கேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு மார்ச் மாதம் ஊசி போட்ட தோள் வலித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜூன் முப்பது. முத்துவடிவு தெளிவாக வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தபாலில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கவர் வந்தது. ஜாஹிரா பீவி இரண்டு மாதமாக டாக்டரை விடாமல் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். சான்றின் வாசகமும் அந்தம்மா சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்: ‘இவருக்கு நோய் எதுவும் இல்லை. இல்லாத நோய் மறுபடி வராது. பணிக்குத் தகுதியானவர்.’ முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.

முத்துவடிவு அதை இரண்டு தடவை வாசித்தாள். “அண்ணாச்சி, இன்னைக்குத்தானே கடைசித் தேதி?”

“ஆமாம்மா.”

இருவரும் வராந்தாவைப் பார்த்தோம். ரிஜிஸ்டர் மூலையில் இருந்தது.

நான் சூப்ரண்டிடம் போனேன். நேற்றுச் சுக்கு சொன்ன முகம் அது என்று நம்பிப் போனேன். அது சாயங்கால முகம். இது காலை முகம்.

“திங்கக்கிழமை உள்ள வந்ததும் நம்பர் போட்டுருவோம்” என்றார்.

“திங்கக்கிழமை மூணாந்தேதி சார். முப்பதுக்குள்ள ஏறணும். இல்லேன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும்.”

“தேதிக்கு நான் என்ன வே செய்ய முடியும்? தேதியை நானா போட்டேன்?”

“ரிஜிஸ்டரை வெளிய வச்சது...”

“அது முறை.”

திரும்பி வந்தேன். முத்துவடிவு சான்றை மடித்து, விரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அது எனக்குத் தெரிந்த வேலை. அவள் மெஷினின் தூசியைத் துடைத்து, உறையை எடுத்து மூட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

சான்றை வாங்கினேன். பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரை மடியில் எடுத்து வைத்தேன். கனமாகத்தான் இருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. 413 என்று போட்டு, தேதி 30.6.61 என்று போட்டு, ‘முத்துவடிவு – உடல் தகுதிச் சான்று’ என்று எழுதினேன். சான்றிலும் அதே எண்ணைப் போட்டு, ஜன்னல் வழியாக முத்துவடிவிடம் நீட்டி, எண்ணை உரக்கச் சொன்னேன்.

“தொட்டுட்டீரா?” என்று நிலைப்படியிலிருந்து சூப்ரண்டு கேட்டார்.

“தொட்டுட்டேன் சார்.”

“அப்ப உள்ள வராதேயும். திங்கக்கிழமை வரைக்கும் அங்கனயே இரும்.”

“சரி சார்.”

அந்த எண் செல்லாது என்று யாராவது சொல்வார்கள் என்று பயந்தேன். சொல்ல வேண்டுமானால் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவரும் வரவில்லை. பதினோரு மணிக்கு, “413-ஆ சொன்னீரு?” என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். “413” என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஆபீஸுக்கு நான் இருக்கிற இடம் சௌகரியமாகப் போய்விட்டது. பிச்சையா அன்றைய தபாலைத் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக வீசினான். நான் பிடித்து, எண் போட்டு, எண்ணைக் கத்தினேன். இரண்டு கவர் சாரலில் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் தனி அலுவலர் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டதாகத் தகவல் வந்தது. அதை மூன்று பிரதி அடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நல்ல வேகம்.

நாலு மணிக்கு முத்துவடிவு ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு மூன்றடி தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“ஏம்மா, கையில தந்தா என்ன?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி” என்றாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

காலையிலிருந்து சிமெண்ட் தரையில் உட்கார்ந்ததில் எனக்கு நிமிர முடியவில்லை. ஒரு கையை ஊன்றி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டம்ளரை எட்டினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரொம்ப வலிக்கோ?”

“கடுக்கும்மா.”

உள்ளே போனாள். பிச்சையாவின் பாயை எடுத்துக்கொண்டு வந்து, ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில், சாரல் படாத பக்கமாகப் பார்த்து விரித்தாள்.

“செத்த நேரம் படுத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள். “யாரும் கேக்க மாட்டாவ.”